துரைசாணிக்கு எந்த ஹெட்

இரண்டையும் மல்லாக்கப் போட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் பழைய இரும்பு ஹெட், வலது பக்கம் புது அலுமினிய ஹெட். ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் ஆளில்லை, லேத்துக்குச் சாக்குப் போர்த்தியாயிற்று, ருக்மணி அன்னூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறாள். பந்தி முடிந்து அவள் திரும்புவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். என்ன பெரிய முடிவு, எஞ்சின் மேல் எந்த மூடியைப் போட்டு இறுக்குவது என்பதுதான். எத்தனையோ வருஷமாக இந்தக் கோயமுத்தூர் கணபதியில் லாரி, டிராக்டர், பம்புசெட் என்று பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறவன் நான், எது நல்ல ஹெட் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். இங்கே தொடக்கூட வேண்டாம். வலது பக்கம் இருப்பதுதான் நல்லது, பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெட்ரோலையும் காற்றையும் இன்னும் நெருக்கி இறுக்கி வெடிக்க வைக்கும், மூச்சு நன்றாக வாங்கும், சூடு தங்காது. அதைப் போட்டால் வண்டி பறக்கும். பறக்கிற வண்டியில் உட்காரப் போவது என் பெண்டாட்டி. போன வருஷம் மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் ஐந்தாவது வளைவில் பாதையை விட்டு வெளியே போனவள், அடுத்த மாதம் மறுபடியும் அதே மலையில் ஏறப் போகிறாள். இடது பக்கத்து ஹெட்டைப் போட்டுவிட்டு, புது ஹெட் லீக் ஆகிறது என்று ஒரே ஒரு பொய் சொன்னால் முடிந்தது வேலை. இரும்பு விஷயத்தில் என் வாய்ச்சொல்லை ருக்மணி ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

சரி, முடிவு கிடக்கட்டும், முதலில் அளப்போம். அளக்கிற வேலை நல்ல வேலை, யோசிக்க வேண்டாம். ஹெட்டில் நாலு குழி, சிலிண்டருக்கு ஒன்று, அதற்குள்தான் வெடிப்பு நடக்கும். நாலு குழியும் ஒரே அளவு கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் கால் குட்டையான கட்டில் மாதிரி ஆடும். வால்வை மாட்டி, பிளக்கைத் திருகி, குழியின் விளிம்பில் கிரீஸ் தடவி, நடுவே துளை போட்ட பிளாஸ்டிக் தகட்டை மேலே ஒட்டி, துளை வழியாக ஊசியால் மண்ணெண்ணெய் விட வேண்டும். எத்தனை ஊசி பிடிக்கிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். மாட்டுக்குப் போடுகிற பெரிய ஊசி இது, கால்நடை மருந்துக் கடையில் வாங்கினேன். மாட்டுக்கு என்னங்க என்று கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார். செரிமானம் சரியில்லைங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்று. மண்ணெண்ணெயில் கொஞ்சம் சிவப்பு எண்ணெய் கலந்தால் கண்ணுக்குத் தெரியும். இரண்டு. தகட்டுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி ஓடுகிறது, அதை மூலைக்குத் தள்ளித் துளை வழியாக வெளியே விட வேண்டும். மூன்று. மூன்றாவது கியரில்தான் அந்த வளைவுக்கு வந்தாள் போன வருஷம். மூன்றாவதிலேயே வந்து, மூன்றாவதிலேயே போய், இப்போது எத்தனை ஊசி விட்டேன். மூன்றா நாலா. தகட்டை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. இது இன்றைக்கு இரண்டாவது தடவை இப்படி ஆகிறது. நேற்றே இந்தப் புது ஹெட்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் காற்று அடித்துப் பார்த்துவிட்டேன், ஒரு குமிழி கிடையாது. இவ்வளவு சுத்தமான வார்ப்பை என் ஆயுசில் பார்த்ததில்லை. அதைப் பார்த்து ஒரு பட்டறைக்காரன் பயப்படுகிறான் என்றால் யாரிடம் சொல்வது, சொன்னால் சிரிப்பார்கள்.

வண்டிக்குத் துரைசாணி என்று பெயர் வைத்தவளும் ருக்மணிதான். ஒரு மில் முதலாளி வீட்டுக் கொட்டகையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டி அது. இரண்டே சீட், கூரை கிடையாது, நீளமான மூக்கு, இங்கிலாந்தில் பிறந்து இங்கே வந்து துருப்பிடித்துக் கிடந்தது. கோழியை எழுப்பிவிட்டு வண்டியை இழுத்து வந்தோம். நான் பொழுதுபோக்குக்காகக் கட்டினேன், அவள் ஓட்டினாள். அவளைத் தவிர வேறு யார் ஓட்டுவது, நான் வண்டியைப் பிரிப்பேன், பூட்டுவேன், ஓட்டுவது என்றால் மாட்டுவண்டிக்கும் வழி விட்டு ஓரமாகப் போகிற ஜாதி. அவள் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பாதி கோயமுத்தூர் பெண்களுக்கு அவள்தான் டீச்சர். பீளமேட்டில் ஒரு தடவை கூடப் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். கற்றுக்கொள்ள வந்த அம்மா ஒவ்வொரு முக்குக்கும் நடுங்கிக்கொண்டே திருப்புகிறார், இவள் அலுக்காமல் சொல்லிக்கொண்டே வருகிறாள், மின்னாடியே பிரேக்குப் போடுங்கக்கா, வளைஞ்சதுக்கப்புறம் போடறது பிரேக்கு இல்லீங்க, வேண்டுதலு. நான் பின்சீட்டில் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்படிப்பட்டவள் அந்த வளைவில் என்ன செய்தாள். மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன் பாருங்கள். செக்கு மாட்டையாவது சாயங்காலம் அவிழ்த்து விடுவார்கள்.

போன வருஷம் பந்தயத்தன்று நான் மேலே முடிவுக் கோட்டில் நின்றிருந்தேன். ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமான தனிப்பாதை, வருஷத்தில் ஒரு நாள் அடைத்துப் பழைய வண்டிக்காரர்களுக்கு விடுவார்கள். ஒவ்வொரு வண்டியாக ஏறும், யார் சீக்கிரம் மேலே வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். மேலே இருப்பவனுக்கு வண்டி கண்ணில் படாது, பனியும் மரமும் மறைக்கும், சத்தம்தான் வரும். எனக்குச் சத்தம் போதும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முதல் வளைவில் சத்தம் இறங்கியது, ஏறியது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதில் கொஞ்சம் கமறியது, அந்தப் பழைய ஹெட்டின் கமறல், அதற்கு வயசாகிவிட்டது. நாலு. அப்புறம் ஐந்தாவது. ஐந்தாவதுதான் ஏற்றம் அதிகம், கூட்டமும் அங்கேதான் உட்காரும். அங்கே சத்தம் இறங்கவில்லை. ஒரு நூல் இறங்கவில்லை. அப்படியே போய், அப்புறம் சத்தமே இல்லை. பக்கத்தில் ஒருவர் பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்தார், அந்த நொறுக் நொறுக் சத்தம் மட்டும் கேட்டது. இன்றைக்கும் பொட்டுக்கடலை என்றால் எனக்கு ஆகாது. கீழே ஓடினேன், பாதை வழியாக ஓடியதா செடிகளுக்குள் புகுந்து ஓடியதா நினைவில்லை, ஒரு செருப்பு இல்லாமல் போய்ச் சேர்ந்தேன். தேயிலைச் செடிகள் வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தன. இன்னும் நாலு வரிசை தாண்டினால் பள்ளம். ருக்மணி சீட்டிலேயே உட்கார்ந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டு, சரளைக்கல்லு வழுக்கிருச்சுங்க என்றாள். நரசிம்மன் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், எனக்குப் போட்டியாக உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கிறவர், அவரும் ஓடி வந்து ஒரு கை பிடித்தார், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. சரளைக்கல் என்று அவள் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் காது ஒத்துக்கொள்ளவில்லை. சத்தம் ஏன் இறங்கவில்லை. கிறுக்குப் பிடித்துப் போனாளா, வேகத்தில் கண் மறைத்துவிட்டதா. இருமுகிற கிழட்டு எஞ்சினே இவளை இப்படித் தூக்கிப் போட்டது என்றால், இந்த அலுமினியம் எங்கே கொண்டுபோய்ப் போடும்.

இடது தோளின் காறையெலும்பு உடைந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் ரொம்ப நாளைக்குக் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வாரிவிட நான்தான். டைமிங் செயினைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவனுக்கு மூன்று கால் சடை பிடிபடவில்லை. நடுக்கால் எப்போதும் தளர்ந்துவிடும், மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். மேல சொருகி ஒரு போல்ட்டு போட்டுருங்க என்பாள். சிரிப்பாள், சிரித்தால் தோள் வலிக்கும், வலித்தால் என்னைத் திட்டுவாள். அந்த நாட்களில் பின்னால் நின்றுகொண்டு அவள் பிடரியைப் பார்ப்பேன், எண்ணெய் தடவிய வகிட்டைப் பார்ப்பேன், நாலு வரிசை செடி, நாலு வரிசை செடி என்று மனசு அடித்துக்கொள்ளும். அவளிடம் சொன்னதில்லை. ஆம்பிளைக்கு என்ன பயம் என்பதால் இல்லை, நான் எலிக்கே பயந்தவன் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் அவள் வண்டியை விட்டுவிடுவாள், அதுதான் காரணம். எனக்காக விட்டுவிடுவாள், விட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசமாட்டாள், அப்புறம் சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல் முடிந்து வந்து துரைசாணி மேல் படிந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டு நிற்பாள். அதை என்னால் பார்க்க முடியாது. அவள் போகவும் வேண்டும், அவளுக்கு ஒன்றும் ஆகவும் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அதற்கு ஒரே வழி மெதுவான எஞ்சின்.

மெதுவாக்குவது ஒன்றும் கஷ்டமில்லை, கெடுப்பதற்கா வழி இல்லை. பழைய ஹெட்டையே வை. அடியில் கொஞ்சம் தடித்த கேஸ்கெட் தகடு போடு, இறுக்கம் இன்னும் குறையும். வால்வு ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறதைப் போடு, ஓர் அளவுக்கு மேல் எஞ்சின் சுற்றாது. வால்வைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்டும் பழசே இருக்கட்டும், புதுசு வேறு பெட்டியில் பளபளவென்று கிடக்கிறது, அதையும் இவள்தான் கேட்டு வரவழைத்தாள். போன வருஷத்தைவிட ஒரு படி கீழே. காலால் மிதித்தால் மிதித்த மாதிரி இருக்கும், போகாது. ஐந்தாவது வளைவுக்கு வரும்போது வேகமே இருக்காது, வேகம் இல்லாவிட்டால் ஆபத்து ஏது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. எங்கேயும் இடிக்கவில்லை. அப்புறம் ஏன் இந்தக் கணக்கை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள், என் மடி தொங்குகிறது. பெட்டி வந்த அன்றைக்கு அவள் ஆணியைப் பிடுங்கி, காகிதச் சுருளையெல்லாம் அள்ளி வீசி, ஹெட்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினாள். எவ்வளவு லேசா இருக்குதுங்க என்றாள். பிறகு கீழே வைத்துவிட்டு, உங்களுக்கு எது சரின்னு படுதோ அதப் போடுங்க, எனக்கு இதுல என்ன தெரியும், ஓட்டறதுதான் என் வேலை என்றாள். என்னை நம்பிச் சொன்னாள். அந்த வார்த்தையை எடுத்துத்தான் நான் அவளை ஏமாற்றப் போகிறேன். காத்து அடிச்சுப் பாத்தேன், கொமுளி முட்ட முட்டயா வருது. இப்படிச் சொல்ல வேண்டும். முகத்தைக் கொஞ்சம் வருத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். வருத்தத்துக்குப் பஞ்சமில்லை, அது தானாக வரும்.

சாப்பாட்டுப் போசி அப்படியே இருக்கிறது, பசிக்கவில்லை. புது ஹெட்டை விரலால் தடவிப் பார்க்கிறேன். காற்று உள்ளே வருகிற வழி எவ்வளவு வழுவழுப்பு, எந்த இடத்திலும் முனை இல்லை, எந்த ஊர்க்காரன் ராவினானோ. பழசில் அதே இடத்தில் வார்ப்பு மணல் ஒட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. நல்லதை ஒதுக்கிவிட்டுக் கெட்டதை மாட்டப் போகிறேன், இத்தனை வருஷத்தில் எந்தப் பம்புசெட்டுக்கும் இப்படிச் செய்ததில்லை. அது பம்புசெட், இது பெண்டாட்டி. பெண்டாட்டிக்குத்தான் நல்லதைப் போட வேண்டும் என்று ஒரு மனசு. பெண்டாட்டி இருந்தால்தானே என்று இன்னொரு மனசு. இரண்டும் மாறி மாறி ஜெயிக்கின்றன, எனக்குத்தான் தலை வலிக்கிறது. ஒரு ஊசி, இரண்டு ஊசி. குழி நிறைகிறது, குமிழி மூலைக்குப் போகிறது. சத்தம் ஏன் இறங்கவில்லை. கேட்டிருக்கலாம் அவளிடம். ஏன் கேட்கவில்லை என்றால், வேகமாப் போகோணும்னு தோணுச்சுங்க என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்னால் தூங்க முடியாது. கேட்காத வரைக்கும் சரளைக்கல். தகட்டை எடுக்கிறேன். எண்ணிக்கை மறுபடி போய்விட்டது. போதும். சாக்கை எடுத்துப் புது ஹெட்டின் மேல் போடுகிறேன். பழசை இழுத்து வைத்துக் கம்பிப் பிரஷ்ஷால் கரியைச் சுரண்ட ஆரம்பிக்கிறேன். முடிவு எடுத்தாயிற்று, இனி பேச்சில்லை. கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது.

ருக்மணி வீட்டுக்குள் போகாமல் நேரே பட்டறைக்கே வருகிறாள். பட்டுப்புடவை, கையில் தாம்பூலப் பை, கால் வைக்கிற இடத்தில் கிரீஸ் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வருகிறாள்.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

"போசி தெறக்காமயே இருக்குது." அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கிறாள். "என்ன, எந்த ஹெட்டுப் போடறதுன்னு முடிவாச்சுங்களா?"

பிரஷ்ஷைக் கீழே வைக்கிறேன். முகத்தை வருத்தமாக வைக்க வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் வருகிறது. "புது ஹெட்டு லீக்கு, புள்ள. காத்து அடிச்சுப் பாத்தேன். முட்ட முட்டயா வருது."

சொல்லிவிட்டேன். இவ்வளவு சுலபமாக வாயில் வந்தது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அவள் சாக்கை விலக்கிப் புது ஹெட்டைப் பார்க்கிறாள். கோபம் வரும், அனுப்பியவனைத் திட்டுவாள், திருப்பி அனுப்பச் சொல்வாள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் வாடியது, உடனே சரியாக்கிக்கொண்டாள், எனக்காகத்தான்.

"அவ்வளவு தூரத்துல இருந்து வந்தும் இப்படிங்களா. செரி, உடுங்க. பழசயே போடுங்க. போன வருசம் ஓட்டுன மாதிரியே ஓட்டிக்கறேன்."

"போன வருசம் மாதிரின்னா?"

"அதே மாதிரித்தானுங்க. அஞ்சாவது வளைவுல பிரேக்குத் தொடாம."

முதலில் எனக்கு விளங்கவில்லை. வார்த்தைகள் காதில் விழுந்தன, உள்ளே இறங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சரளைக்கல்லுன்னு சொன்ன?"

"சரளையும் இருந்துச்சுங்க. அதுக்கு மின்னாடியே வண்டி எங்கைல இல்ல." தாம்பூலப் பையைத் திருகிக்கொண்டே சொல்கிறாள். "பிரேக்குப் போட்டா எஞ்சினு சுத்தறது கொறஞ்சு போவும். அந்த ஏத்தத்துல இந்த எஞ்சினு மறுக்கா புடிக்காதுங்க. மொதக் கியருக்குப் போயி, முக்கி மொனகி, எரும மாதிரி ஏறோணும். அத்தன சனமும் அங்கதான் உக்காந்திருக்குது. நரசிம்மன் வேற சேர் போட்டு உக்காந்திருக்கறாரு. பாரு, மருதாசலம் கட்டுன எஞ்சினு நிக்குதுன்னு சிரிப்பாங்க. எனக்கு அது புடிக்கலீங்க. வேகத்த உடாம உள்ள போயிட்டா ஏறிருமுன்னு நெனச்சேன். ஏறல."

நான் கேட்டது சரி. என் காது தப்பாகக் கேட்கவில்லை, சத்தம் இறங்கவில்லை என்று அது அன்றைக்கே சொன்னது. புத்திதான் அதற்கு வேறு அர்த்தம் வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக உட்கார்ந்திருந்தது. வேகம் அவளைத் தூக்கிப் போடவில்லை, இழுவை இல்லாததுதான் தூக்கிப் போட்டது. இருந்த கொஞ்ச வேகத்தை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வளைவுக்குள் போயிருக்கிறாள், அதுவும் எதற்காக, என் பெயர் கெடக் கூடாது என்பதற்காக. நான் என்ன செய்துகொண்டிருந்தேன். தடித்த கேஸ்கெட், மெத்தென்ற ஸ்பிரிங், போன வருஷத்தைவிட ஒரு படி கீழே. இருக்கிற இழுவையிலும் இன்னும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு அதே வளைவுக்கு அவளை அனுப்பப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறேன், இது குரங்குகூட இல்லை. எமனுக்கு வண்டி கட்டிக்கொடுக்க இருந்தேன், அதுவும் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.  ஆனால் இன்னும் ஒரு போல்ட்டும் இறுக்கவில்லை, அதை நினைத்தேன், ஒரு போல்ட்டும் இறுக்கவில்லை. ஹெட் இரண்டும் மேஜை மேல்தான் இருக்கின்றன, எஞ்சின் திறந்துதான் கிடக்கிறது, அவள் எதிரில் நிற்கிறாள்.

"ருக்கு, லீக்கு இல்ல."

"என்னங்க?"

"புது ஹெட்டுல லீக்கு இல்ல. நேத்தே பாத்துட்டேன். தங்கமாட்டம் இருக்குது. உங்கிட்டப் பொய் சொன்னேன்."

அவள் என்னையே பார்க்கிறாள். பையைத் திருகுவது நின்றுவிட்டது. "எதுக்குங்க?"

"இதப் போட்டா நீ செத்துப் போயிருவியோன்னுதான்."

இத்தனை மாதம் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்ததை இப்படி ஒரு வரியில் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தெரியாது. அவள் கவிழ்த்துப் போட்டிருந்த எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துவிட்டாள், பட்டுப்புடவை என்பதைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு ஹெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் தோள் குலுங்குகிறது, சிரிக்கிறாள்.

"நல்ல ஆளுங்க நீங்க. காப்பாத்தறேன்னு சொல்லி மறுக்கா அந்தச் செடிக்குள்ளயே தள்ளி உடப் பாத்தீங்க."

"நீ மட்டும் என்ன? எம்பேரக் காப்பாத்தறேன்னு எலும்ப ஒடச்சுக்கிட்ட. எஞ்சினு நின்னா நின்னுட்டுப் போவுது. நரசிம்மன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்."

"இப்பச் சொல்றீங்க. அன்னிக்கு நின்னிருந்தா ஒரு வாரம் சோறு எறங்கியிருக்காது உங்களுக்கு."

உண்மை அதுதான். எழுந்து போய்ப் புது ஹெட்டைக் கையில் எடுத்தேன். லேசாகத்தான் இருந்தது, காலையிலிருந்து இதைத் தூக்க முடியாத மாதிரி சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

"இதப் போட்டா, பிரேக்குப் போடுவியா?"

"போட்டு, மெதுவா வளைச்சு, அப்பறம் மிதிச்சா ஏறுமுன்னா, எதுக்குங்க போடாம இருக்கறேன்? எனக்கென்ன சாகோணும்னு வேண்டுதலா?"

ஏறும். முதல் கியருக்குக்கூடப் போக வேண்டாம், இரண்டாவதிலேயே பிடிக்கும், இந்தக் குழிகளும் புது கேம்ஷாஃப்டும் சேர்ந்தால் அடியிலிருந்தே இழுக்கும். மெல்லிய கேஸ்கெட்தான், கெட்டியான ஸ்பிரிங்தான், பெட்டியில் இருக்கிற ஒவ்வொன்றும் அது அது இருக்க வேண்டிய இடத்துக்குத்தான் போகப் போகிறது. இது என் வேலை, இது எனக்குத் தெரியும். எவ்வளவு வேகமாகப் போகும் என்று பயந்துகொண்டிருந்தவன், எவ்வளவு மெதுவாகப் போய்விட்டுத் திரும்ப எழ முடியும் என்று யோசிக்கவே இல்லை. நல்ல எஞ்சின் என்றால் அதுதானே, நிதானிக்க விடுகிற எஞ்சின். மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது. திடீரென்று பசித்தது, அகோரப் பசி, போசியைத் திறந்து நின்றபடியே ஆறிப்போன புளிச்சோற்றை அள்ளி வாயில் போட்டேன். ருக்மணி கை கழுவச் சொன்னாள். கழுவவில்லை, மண்ணெண்ணெய் வாசனையோடேயே அது ருசித்தது.

"ஆனா பந்தயத்தன்னிக்கு மறுக்கா மேல நின்னு காதத் தீட்டிட்டுத்தான் இருக்கோணும்" என்றேன், வாயில் சோற்றோடு. "சத்தத்த வெச்சு என்னத்தக் கண்டேன்? எறங்கினாலும் பயம், எறங்காட்டியும் பயம்."

அவள் எண்ணெய் டின்னை விட்டு எழுந்தாள்.

"அப்பிடின்னா மேல நிக்காதீங்க. அஞ்சாவது வளைவுல வந்து நில்லுங்க. நான் வரும்போது பின்னாடி செவப்புப் பிரேக்கு லைட்டு எரியுதான்னு நீங்களே கண்ணால பாத்துக்குங்க."

போசியைக் கீழே வைத்தேன். எஞ்சின் இல்லாமல் மூக்கைத் திறந்துகொண்டு நிற்கிற துரைசாணியில் அவள் பட்டுப்புடவையைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பேட்டரி வயரை மாட்டிவிட்டு நான் பின்பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்தாள்.

"எரியுதுங்களா?"

"ஒண்ணு எரியுது. எடது பக்கம் பல்பு மாத்தோணும்."